பாட்டில் மூடிகள உருக்கி பலகை செய்யுறேன், வேலைய விட்டுட்டு இதையே தொழிலா எடுத்துக்கலாமா?

ஒரு சகோதரி நீளமா கடிதம் எழுதியிருக்காங்க. பேரும் ஊரும் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டிருக்கறதால தேவையானத மட்டும் சுருக்கி சொல்றேன். வயசு 34, ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறாங்க, நாலு வயசுல ஒரு பொண்ணு. எட்டு மாசமா பிளாஸ்டிக் பாட்டில் மூடிகள சேத்து, கழுவி, வீட்டு ஓவன்ல உருக்கி, ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல வச்சு கிளாம்ப் போட்டு இறுக்கி, காய் நறுக்குற பலகை செய்யுறாங்க. இதுவரைக்கும் வீட்டுக்கு வந்த மூடி 60 கிலோ, செஞ்ச பலகை 31, ஒவ்வொண்ணும் 600 கிராம், அதுல 9 பலகை விரிசல் விட்டோ வளைஞ்சோ வீணா போச்சு. ஒரு பலகைக்கு 50 நிமிஷம் ஆகுது. மூடி கொண்டுவந்து தர்றது தெருவுல குப்பை பொறுக்குற ஒரு அம்மா, அவங்க காசு எதுவும் கேக்கறதில்லையாம், அதனால "எனக்கு மூலப்பொருள் செலவே கிடையாது"ன்னு எழுதியிருக்காங்க.

இப்ப ஒரு கிஃப்ட் கம்பெனி ஆறு வாரத்துல 500 பலகை வேணும்னு கேக்குது. பலகை மேல "100 சதவீதம் மறுசுழற்சி, சுற்றுச்சூழலுக்கு உகந்தது, உணவுக்குப் பாதுகாப்பானது"ன்னு அச்சடிக்கணுமாம். கணவரோட நண்பர் ஒருத்தர் மெஷினுக்கு பணம் போடுறேன், லாபத்துல பாதி கொடுங்கன்னு சொல்றார், எழுத்துல எதுவும் இல்ல, வாய்ப்பேச்சுதான். மீதி பணத்துக்கு வீட்டுப் பத்திரத்த வச்சு லோன் போடலாம்னு யோசனை ஓடுது. வேலைய விடலாமா, ஆர்டர எடுக்கலாமா, நண்பர பார்ட்னரா சேக்கலாமா, பலகை ஏன் வெடிக்குது, இதுதான் கேள்விகள். எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு கடைசில ஒரு வரி போட்டிருக்காங்க: "உருக்கும்போது பொண்ணு கொஞ்சம் இருமுறா, ஜன்னல திறந்து வச்சு துணி மாஸ்க் போட்டுக்கறோம், அது போதும்ல?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்க அனுப்பின போட்டோவ பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்தேன். நீலமும் மஞ்சளும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடுற அந்த பலகை நெஜமாவே அழகா இருக்கு, யாரும் தூக்கிப்போட்ட மூடின்னு சொல்ல மாட்டாங்க. நான் 22 வருஷம் பிளாஸ்டிக் மறுசுழற்சி யூனிட்ல என்ஜினியரா இருந்துட்டு இப்ப சின்னதா தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கு பயிற்சி கொடுக்கறேன். முதல் பீஸ் அழகா வந்த சந்தோஷத்துல மெஷின் வாங்கிட்டு ஆறே மாசத்துல அதுக்கு மேல போர்வை போட்டு மூடி வச்சவங்கள நிறைய பாத்துட்டேன், அதனால சில விஷயத்த நேராவே சொல்றேன், மனசு வருத்தப்படாதீங்க.

கடைசி வரிதான் எனக்கு முதல் கேள்வி

போதாதும்மா. துணி மாஸ்க் தூசியில கொஞ்சத்த தடுக்கும், வாயுவ தடுக்காது. அதுக்கு ரசாயன வாயுவுக்குன்னே இருக்கிற கார்ட்ரிட்ஜ் மாட்டின மாஸ்க் வேணும், அதையும் நாலு வயசு குழந்தைக்கு போட முடியாது, குழந்தை அந்த இடத்துலேயே இருக்கக்கூடாது. சரியான சூட்டுல உருகினா மூடி பிளாஸ்டிக்லேருந்து பெருசா புகை வராது. கண்ணுக்கு புகை தெரியுது, தொண்டை கரகரக்குதுன்னா சூடு எல்லை தாண்டிருச்சு, இல்லன்னா உள்ள வேற ஏதோ பிளாஸ்டிக் சேந்திருக்கு. வீட்டு ஓவன் டயல்ல 180ன்னு வச்சாலும் கம்பிக்கு பக்கத்துல அதவிட ரொம்ப அதிகமா இருக்கும், அங்க பிளாஸ்டிக் கருகும்போது அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு மாதிரி கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கிற வாயுக்கள் வரும். தவறி ஒரு பிவிசி துண்டு விழுந்துட்டா ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூக்குல தொண்டையில இருக்கிற ஈரத்தோட சேந்தா அது அமிலம்.

அதனால இன்னைக்கே வீட்டுக்குள்ள உருக்குறத நிறுத்துங்க. அந்த ஓவன்ல இனிமே சமைக்காதீங்க, கழுவிட்டு வச்சுக்கலாம்னும் நினைக்காதீங்க. பொண்ண டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகும்போது "சளி"ன்னு சொல்லாம, "எட்டு மாசமா வீட்டுல பிளாஸ்டிக் உருக்குறோம்"னு தெளிவா சொல்லுங்க, அத சொல்லலன்னா அவங்களுக்கு தெரிய வாய்ப்பே இல்ல. வெளிய தனி ஷெட்டு, காத்த வெளிய இழுக்கிற ஃபேன், உண்மையான சூட்ட காட்டுற தெர்மாமீட்டர், இந்த மூணும் இல்லாம மறுபடி தொடங்க வேண்டாம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் வேல பாத்த ஒரு இடத்துல கூட வேல பாத்த பையன் கையில உருகின பிளாஸ்டிக் விழுந்துச்சு, பக்கத்துல இருந்தவர் பதட்டத்துல அத பிச்சு எடுத்துட்டார், தோலும் சேந்தே வந்துச்சு. கொதிக்கிற தண்ணி வழிஞ்சு போயிடும், பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டே சுடும். அப்படி ஆச்சுன்னா பிக்கவே கூடாது, ஓடுற குழாய் தண்ணியில 20 நிமிஷம் கைய வச்சிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு போகணும். ஷெட்டுல வேல பாக்கப்போற எல்லாருக்கும் இத முதல் நாளே சொல்லி வையுங்க.

பலகை ஏன் வெடிக்குது

உடைஞ்ச பலகையோட ஓரத்த கிட்ட வச்சு எடுத்த போட்டோல பதில் இருக்கு. உடைஞ்ச இடம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியுது பாத்தீங்களா, நகத்தால இழுத்தா ஒரு ஏடு தனியா வரும். ரெண்டு வேற வேற பிளாஸ்டிக்க ஒண்ணா உருக்கினா இப்படித்தான் ஆகும். மூடின்னா எல்லாம் ஒரே சரக்குன்னு நீங்க நெனச்சிருக்கீங்க, நிறைய பேர் அப்படித்தான் நெனைக்கறாங்க, ஆனா பாட்டில் மூடியில ரெண்டு குடும்பம் இருக்கு, சிலது எச்டி பாலித்தீன், சிலது பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். எச்டி சுமார் 130 டிகிரியில உருகும், பிபி 160, 165 வரைக்கும் போகணும். நடுவுல இருக்கிற பிபி துண்டு முழுசா உருகுறதுக்குள்ள வெளியில எச்டி ஓட ஆரம்பிச்சிடும். சரி சூட்ட ஏத்தி ரெண்டையும் நல்லா உருக்கிட்டா கலந்துடுமான்னா அப்பவும் கலக்காது, எண்ணெயும் தண்ணியும் மாதிரி பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஆறினதும் அந்த எல்லைக்கோட்டுலதான் விரிசல் விடும். உங்க பலகையோட மார்பிள் அழகுல பாதி கலரால வந்தது, மீதி இந்த ஒட்டாத தன்மையால வந்தது.

மூடிக்குள்ள முக்கோணத்துல ஒரு நம்பர் இருக்கான்னு பாருங்க, 2ன்னா எச்டி, 5ன்னா பிபி. அந்த நம்பர் முறை 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்காரங்களோட சங்கம் கொண்டுவந்தது, இது என்ன பிளாஸ்டிக்னு பிரிக்கிறவங்களுக்கு காட்டத்தான். நம்பர் இருந்தாலே மறுசுழற்சி ஆயிடும்னு யாரும் உத்தரவாதம் கொடுக்கல. நம்பர் இல்லாத மூடிக்கு தண்ணியில போட்டு பாக்குற டெஸ்ட் இங்க உதவாது, ரெண்டுமே மிதக்கும். ஆனா தண்ணி பாட்டில் செய்யுற பெட் பிளாஸ்டிக், பிவிசி, கெட்டியான பாலிஸ்டைரீன் மூணும் முழுகிடும், அந்த வேண்டாத சரக்க ஒதுக்க ஒரு பக்கெட் தண்ணி நல்லா உதவும். எச்டியையும் பிபியையும் பிரிக்க நான் சொல்லித்தர்ற வழி இது: வெளியில, காத்தோட்டத்துல, தெர்மாமீட்டர் வச்ச ஹாட் பிளேட்ட 145 டிகிரியில நிறுத்துங்க, மூடியிலேருந்து நகம் அளவு ஒரு சீவல் வெட்டி வையுங்க. எச்டின்னா கொஞ்ச நேரத்துல உருகி பளபளன்னு ஆகி, கம்பியால தொட்டா இழுபடும். பிபின்னா இளகுமே தவிர உருவம் மாறாம கெடக்கும். ஒவ்வொரு மூடியையும் இப்படி பாக்க வேண்டியதில்ல, ஒவ்வொரு டிசைன்லயும் ஒண்ணு பாத்தா போதும், எந்த டிசைன் எந்த சரக்குன்னு சுவத்துல ஒரு சார்ட் ஒட்டிடுங்க, ஒரு மாசத்துல கையே சொல்லும். எச்டி நகம் பட்டா மெழுகு மாதிரி கீறல் விழும், பிபி கொஞ்சம் வெறைப்பா இருக்கும்.

மூடிக்குள்ள மெல்லிசா ஒரு வளையம் ஒட்டியிருந்தா அது வேற பிளாஸ்டிக், அத பிச்சு போட்டுடணும். ஓரத்துல தெரியுற குட்டிக் குட்டி குமிழி ஈரத்தால வந்தது, மூடியோட மரைக்குள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கும், துண்டு பண்ணதுக்கு அப்புறம் இன்னொரு தடவை காய வையுங்க. வளையறது அவசரத்தால, சூடா இருக்கும்போதே கிளாம்ப கழட்டுறீங்க, எச்டி ஆறும்போது நூத்துக்கு ரெண்டு மூணு அளவு சுருங்கும், ஒரு பக்கம் சீக்கிரம் ஆறினா அந்தப் பக்கமா இழுத்துக்கும். கை வச்சா சுடாத அளவுக்கு ஆறுற வரைக்கும் அழுத்தத்துலயே விடுங்க.

"மூலப்பொருள் இலவசம்"

நீங்க கணக்கு பாக்குறவங்க, அதனால உங்க கடிதத்துல நீங்களே கொடுத்த எண்ணையே திருப்பி கொடுக்கறேன். 31 பலகை, 600 கிராம் வீதம், 18.6 கிலோ. அதுல நல்லா வந்தது 22, அது 13.2 கிலோ. உள்ள வந்த சரக்கு 60 கிலோ. அப்படின்னா நூறு கிலோ வந்தா இருபத்திரெண்டு கிலோதான் விக்கிற பொருளா வெளிய போகுது. மீதி எங்க? கொஞ்சம் பின்வாசல்ல மூட்டையா கெடக்கும், கொஞ்சம் அழுக்கு, லேபிள், வளையம், கொஞ்சம் நீங்களே "இது என்னன்னு தெரியல"ன்னு ஒதுக்கினது. இத்தனையையும் பிரிச்ச, கழுவின, காய வச்ச உங்க நேரத்துக்கு நோட்டுல ஒரு வரி கூட இல்ல. இலவசமா வந்த சரக்குதான் உங்க நேரத்த அதிகமா தின்னுருக்கு.

ஒரு நோட்டு போடுங்க, நாலே கட்டம்: வந்த எடை, பிரிச்ச பின்னாடி எடை, கழுவி காஞ்ச எடை, நல்ல பொருளா போன எடை. மூணு மாசம் எழுதினாலே எந்த இடத்துல ஓட்டைன்னு தெரிஞ்சிடும். நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் முதல் ரெண்டு கட்டத்துக்கு நடுவுலதான் போகுது. இந்தத் தொழில்ல பிரிக்கறதுதான் தொழிலே, உருக்கறது அதுக்கு அப்புறம் வர்ற வேல. 2017ல வந்த ஒரு ஆய்வு, 2015 வரைக்கும் உலகத்துல 830 கோடி டன் பிளாஸ்டிக் தயாராச்சு, அதுல குப்பையா மாறின 630 கோடி டன்ல சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆச்சுன்னு கணக்கு போட்டுச்சு. அதுக்கு பல காரணம் இருக்கு, பெரிய காரணத்துல ஒண்ணு உங்க ஒன்பது உடைஞ்ச பலகையில இருக்கிற அதே கலப்புதான்.

மூடி கொண்டுவர்ற அந்த அம்மாவ பத்தி. காசு கேக்கலங்கறதால அவங்க உழைப்புக்கு விலை இல்லன்னு ஆயிடாது, நீங்க அப்படி நினைக்கறவங்க இல்லன்னு கடிதத்துலயே தெரியுது. நாளைக்கு இன்னொருத்தர் காசு கொடுத்தா மூடி அங்க போயிடும், அப்ப உங்க ஆர்டர் நின்னுடும். கலப்பு மூடிக்கு ஒரு விலை, நீங்க சொல்லிக்கொடுத்தபடி பிரிச்ச மூடிக்கு அதவிட நல்ல விலைன்னு கிலோ கணக்குல பேசுங்க, கண் முன்னாடி எடை போட்டு அன்னைக்கே கொடுத்துடுங்க. கெட்டியான கையுறை வாங்கிக்கொடுங்க, குப்பையில ஊசியும் உடைஞ்ச கண்ணாடியும் இருக்கும். இந்த செலவ சேத்த பிறகும் பலகையில லாபம் நிக்குதான்னு பாருங்க, நிக்கலன்னா அந்த விலையிலதான் தப்பு.

500 பலகை ஆர்டர்

பத்துல மூணு வீணாகுற இப்போதைய நெலமையில 500 நல்ல பலகை வேணும்னா கிட்டத்தட்ட 700 செய்யணும். 50 நிமிஷம் வீதம் அது 580 மணி நேரத்துக்கு மேல. ஆறு வாரம்னா 42 நாள், ஒரு நாள் கூட லீவு இல்லாம தினமும் 14 மணி நேரம் நிக்கணும், அதுக்கு பிரிச்சு கழுவின மூடியே 420 கிலோ வேணும். வர்ற மெஷின் வேகத்த கூட்டும்தான், ஆனா புது மெஷின் வந்து, செட் ஆகி, கை பழகவே ஆறு வாரம் போயிடும். நேரத்த விட எனக்கு பெரிய கவலை அந்த அச்சு வாசகம்தான்.

"உணவுக்குப் பாதுகாப்பானது"ன்னு நீங்க போடக்கூடாது, போடவே கூடாது. குடிக்கிற பாட்டிலோட மூடிதானே, அது முதல்லேயே உணவுத் தரம்தானேன்னு கேட்டிருக்கீங்க, நியாயமான கேள்விதான். ஆனா தூக்கிப்போட்டதுக்கும் உங்க கைக்கு வந்ததுக்கும் நடுவுல அந்த மூடி எங்க கெடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பூச்சி மருந்து ஊத்தி வச்ச பாட்டிலோட மூடியா இருக்கலாம், எண்ணெய், கெமிக்கல் பட்டிருக்கலாம், எச்டியும் பிபியும் இந்த மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள ரசாயனத்த உள்ள உறிஞ்சி வச்சுக்கும், சோப்பு போட்டு கழுவினாலும் சூடு காட்டினாலும் முழுசா போகாது. ஐரோப்பாவுல இதுக்கு ஈஎஃப்எஸ்ஏ, அமெரிக்காவுல எஃப்டிஏன்னு உணவுப் பாதுகாப்ப பாக்குற அமைப்புகள் மறுசுழற்சி முறையையே சோதிச்சு பாக்குறாங்க, சரக்கு எங்கேருந்து வருது, எப்படி சுத்தமாகுது, என்ன மிச்சம் நிக்குதுன்னு ஆதாரம் கேக்கறாங்க. கிளாம்ப் வச்சு செய்யுற சின்ன யூனிட்டுக்கு அந்த ஆதாரம் கிடைக்க வழியில்ல. அதோட பலகைன்னா கத்தி படுற பொருள், ஒவ்வொரு வெட்டுலயும் சீவல் சாப்பாட்டுல விழும். கருப்பு பிளாஸ்டிக் எதுவும் சேக்குறீங்கன்னா இன்னும் ஜாக்கிரதை, பழைய டிவி, கம்ப்யூட்டர் ஓட்டுலேருந்து வந்த கருப்பு சரக்குல தீப்பிடிக்காம இருக்க போடுற புரோமின் ரசாயனம் இருக்கலாம், அப்படிப்பட்ட ரசாயனத்த சமையல் கரண்டியிலயும் பொம்மையிலயும் கண்டுபிடிச்சிருக்காங்க.

"சுற்றுச்சூழலுக்கு உகந்தது" இன்னொரு வம்பு. கம்பெனிகள் தாங்களே சொல்லிக்கிற பசுமை வாசகத்துக்குன்னு ஐஎஸ்ஓ 14021ன்னு ஒரு சர்வதேச தரம் இருக்கு, இந்த மாதிரி பொத்தாம் பொதுவான வார்த்தையே கூடாதுங்கறது அதோட நெலப்பாடு. "100 சதவீதம் மறுசுழற்சி"ன்னு சொல்லலாம், வேற எந்த புது பிளாஸ்டிக்கும் சேக்கலன்னா, அதுக்கு உங்க எடை நோட்டு சாட்சியா இருந்தா. வாசகத்த கேட்டது அவங்கதானேன்னு பின்னாடி சொல்லி தப்பிக்க முடியாது, செஞ்சவங்களும் பதில் சொல்லியாகணும். வாசகத்துக்கு யார் பொறுப்புன்னு ஆர்டர்லேயே எழுதி வாங்குங்க, கையெழுத்துக்கு முன்னாடி உங்க ஊர் வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

அப்ப என்ன செய்யலாம்? உங்க கை, உங்க கலர், அதே தகடு, அதே மூடி, பலகைக்கு பதிலா சாப்பாட்ட தொடாத பொருளா மாத்துங்க. கிளிப்போர்டு, சுவர் கடிகாரத்தோட முகம், துணி மாட்டுற கொக்கி வரிசை, சோப்பு வைக்கிற தட்டு, செடித்தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு, மேசை மேல பேனா வைக்கிற ஸ்டாண்டு. கிஃப்ட் கம்பெனிக்கு அழகுதான் வேணும், கிளிப்போர்டுல அந்த நீலம் மஞ்சள் இன்னும் நல்லா எடுக்கும். வெயில்ல வைக்கிற பொருளுக்கு பிபி வேண்டாம், வெயில் தாங்குற மருந்து சேக்காத பிபி சீக்கிரமே நொறுங்கி பொடி பொடியா மண்ணுல போகும், அது குப்பைய சின்னதாக்கி தூவுற மாதிரி. குழந்தை வாயில வைக்கிற பொம்மை, அடுப்புக்கு பக்கத்துல வைக்கிற பொருள், ஆள் ஏறி நிக்கிற ஸ்டூல், இதெல்லாம் இப்போதைக்கு தொடாதீங்க.

நண்பர், லோன், வேலை

நண்பர் நல்லவராவே இருக்கட்டும், நல்லவங்களுக்குள்ளதான் எழுதி வச்சுக்கணும், சண்டைன்னு வந்துட்டா ரெண்டு பேருக்குமே அவங்கவங்க ஞாபகம்தான் சரின்னு தோணும். மெஷின் யார் பேர்ல, பிரிஞ்சா அது யாருக்கு, டிசைன் யாரோடது, ஆர்டர் யார் பேர்ல வருது, வீணாப்போன சரக்கு யார் தலையில, இவ்வளவும் எழுத்துல வேணும். எல்லாத்துக்கும் முன்னாடி உங்க மணி நேரத்துக்கு ஒரு கூலி போட்டு அத செலவுல கழிச்சிட்டு மிச்சத்ததான் பாதின்னு பேசணும். இப்ப அவர் கேக்குறபடி பாத்தா பணம் போட்டவருக்கு பாதி, மீதிக்கு லோனும் போட்டு தினமும் நின்னு உழைக்கிற உங்களுக்கும் அதே பாதி, அப்ப உங்க உழைப்பு சும்மா போகுது. அவர் கொண்டுவர்ற மெஷின் ஒண்ணும் ரகசியமும் இல்ல, நெதர்லாந்துல டேவ் ஹக்கென்ஸ் 2013ல ஆரம்பிச்ச பிரெஷியஸ் பிளாஸ்டிக் திட்டம், துண்டு பண்ற மெஷின், அழுத்துற மெஷின் எல்லாத்தோட வரைபடத்தையும் யார் வேணா எடுத்துக்கலாம்னு இலவசமா கொடுத்துச்சு, பல நாட்டுல சின்ன பட்டறைக்காரங்க அத வச்சே செஞ்சிருக்காங்க. அரிதா இருக்கறது உங்க கையும் அந்த அம்மாவோட மூட்டையும்தான்.

வீட்டுப் பத்திரத்த தொடாதீங்க. பத்துக்கு மூணு வீணாகுற தொழிலுக்கு வீட்ட அடமானம் வச்சா அந்த மூணுக்கும் சேத்து வட்டி கட்டணும். மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி பிரிச்ச சரக்க ஏற்கனவே கிரைண்டிங் ஓட்டுற ஒரு யூனிட்ல ஜாப் ஒர்க்கா துண்டு பண்ணி வாங்கிப் பாருங்க. அவங்க மெஷின்ல முன்னாடி ஓடின சரக்கு மிச்சம் இருக்கும், உங்க சரக்கு போடறதுக்கு முன்னாடி நல்லா சுத்தம் பண்ண சொல்லி பக்கத்துலயே நில்லுங்க. அங்க நிக்கும்போது மெஷின் சத்தம், தூசி, ஒரு மணி நேரத்துக்கு எத்தன கிலோ, பிளேடு எப்ப மழுங்குதுன்னு எல்லாம் தெரியும், வாங்குறதா வேண்டாமான்னு அப்ப முடிவு பண்ணுங்க. வாங்கினா எமர்ஜென்சி ஸ்டாப் சுவிட்சும் சரக்கு போடுற வாய்க்கு மூடியும் இல்லாத மெஷின வாங்காதீங்க, விரல் போன கதை இந்தத் தொழில்ல சாதாரணமா கேக்கலாம்.

சரக்கு மூட்டைய வீட்டு சுவரோட ஒட்டி அடுக்காதீங்கன்னும் சொல்லணும். ஒரு கிலோ பாலித்தீன் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு கிலோ டீசல் எரியுற சூடு வரும், 400 கிலோ மூட்டைய வாசல்ல வைக்கறது 400 கிலோ டீசல வைக்கற மாதிரி. தனி இடம், தீயணைப்பான், இன்ஷூரன்ஸ், உள்ளூர்ல என்ன லைசென்ஸ் வேணும்கறது, இந்த நாலும் நண்பரோட பணத்துல முதல் செலவா இருக்கட்டும். கழுவுற தண்ணிய நேரா சாக்கடையில விடாம நெருக்கமான துணியில வடிகட்டுங்க, அதுல கண்ணுக்கு தெரியாத பிளாஸ்டிக் பொடி நிறைய போகும்.

வேலைய இப்ப விடாதீங்க. கென்யாவுல நைரோபியில இன்ஜாம்பி மட்டீன்னு ஒரு பொண்ணு, பிளாஸ்டிக் குப்பையையும் மணலையும் சேத்து தரையில பதிக்கிற கல் செஞ்சு 2020ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட இளைஞர் விருது வாங்கினாங்க, நீங்களும் படிச்சிருக்கலாம். அவங்க 2017ல வேலைய விட்டுட்டு அம்மா வீட்டு கொல்லையிலதான் ஆரம்பிச்சாங்க, அத பாத்துட்டு நாமளும் விடலாம்னு நிறைய பேருக்கு தோணுது. ஆனா அவங்க சேமிப்பு முழுசும் அதுல போச்சு, முதல் கல்லு சரியா வரவே மாசக்கணக்கு ஆச்சு, மெஷின் சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. உங்களுக்கு நாலு வயசு குழந்தை, சம்பளம் வர்ற வேலை, இதுக்கு நடுவுல அந்த மாதிரி ஒரு வருஷத்த தாங்க முடியுமான்னு நீங்களும் கணவரும் உக்காந்து பேசணும். என்னைய கேட்டா மூணு மாசம் தொடர்ந்து இருபதுல ஒண்ணுக்கு மேல வீணாகாம வந்து, ஒரு தடவ வாங்கினவங்க தானா ரெண்டாவது தடவ கேட்டு, உங்க கூலியையும் அந்த அம்மாவுக்கு கொடுக்கறதையும் கழிச்ச பிறகு மாசம் உங்க சம்பளத்துல பாதியாவது நின்னுச்சுன்னா, அப்ப ஆபீஸ்ல பாதி நேர வேலை கேட்டுப் பாருங்க.

கிஃப்ட் கம்பெனிக்கு பதில் அனுப்பாம இழுத்தடிக்க வேண்டாம், இன்னைக்கு ராத்திரியே அனுப்பிடுங்க, நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருப்பேன்: "உங்க ஆர்டருக்கு ரொம்ப நன்றி. நாங்க செய்யுறது சேகரிச்ச பாட்டில் மூடியிலேருந்து, அதனால சாப்பாடு படுற பொருளா இத விக்கறதில்ல. அதே கலர்ல கிளிப்போர்டு செஞ்சு தர முடியும். முதல்ல 40 பீஸ், பத்து வாரத்துல. 'சேகரிச்ச பாட்டில் மூடியிலேருந்து செஞ்சது'ன்னு மட்டும் அச்சடிச்சுக்கலாம், அதுக்கான எடைக் கணக்க சரக்கோட சேத்து கொடுக்கறோம். சம்மதம்னா சாம்பிள் ரெண்டு அனுப்பி வைக்கறேன்." வேண்டாம்னு சொன்னா சொல்லட்டும். சரின்னு சொன்னா அந்த ரெண்டு சாம்பிள வெறும் எச்டி மூடியில, வெளிய ஷெட்டுல செய்யுங்க, அனுப்பறதுக்கு முன்னாடி மூணாவதா ஒண்ணு செஞ்சு ரெண்டா உடைச்சு ஓரத்த போட்டோ எடுத்து எனக்கு போடுங்க, அடுக்கு தெரியுதான்னு பாத்து சொல்றேன்.